வாட்ஸ் கடைசிக் கேள்வி
வீட்டுக்குள் ஒரு கொட்டகை – 7

சென்ற வாரம் ஐந்து ஸ்பீக்கர்களையும் எங்கெங்கே வைப்பது என்று பார்த்தோம். இந்த வாரம் அவற்றை ஓட்டப்போகும் பெட்டிக்கு வருவோம். கடைக்காரர்கள் ஏ.வி. ரிசீவர் என்பார்கள். ஊரில் ‘ஆம்ப்’ என்றால் போதும், புரிந்துவிடும்.

இந்த முறை பேசுவதற்கு ஒரு வீடே கையில் இருக்கிறது. என் சித்தப்பா மகன் பாலவனத்தத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில், கரிசல் நடுவே இருக்கும் ஊர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்தப் பாலவனத்தத்து ஜமீன்தார்தான். தம்பி வீட்டில் மேல்தளம் போட்டாயிற்று, சுவர்ப் பூச்சு பாக்கி. ஹால் பதினாறுக்குப் பன்னிரண்டு அடி. போன வாரம் போனில் கேட்டான்: “ண்ணே, எத்தன வாட்ஸ்ல வாங்கணும்? கடையில ஆயிரம் வாட்ஸ்னு ஒண்ணக் காட்டுறாரு. அதையே எடுத்துறவா?”

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஒலி என்றாலே பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் கட்டுகிற ரேடியோ செட்தான். வேப்பமரத்தில் கட்டிய குழாய் பக்கத்து ஊர்வரை கேட்டால் செட் நல்ல செட். அங்கே பெரும்பகுதி வேலையைப் பார்ப்பது ஆம்ப்ளிஃபயர் என்று நினைக்கிறோம். உண்மையில் பார்ப்பது குழாய். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் நூறு டெசிபலையும் தாண்டிக் கத்தக்கூடியது அது. வீட்டில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 87, 88 டெசிபல்தான் தரும். ஆனால் வீட்டில் நாம் கேட்கப்போவதும் பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்துதானே.

அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்பீக்கர் 88 டெசிபல். பத்தடி தூரத்தில் எட்டு, ஒன்பது டெசிபல் குறையும் என்று வையுங்கள். ஒரே ஒரு வாட்டில் சோபாவுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 80 டெசிபல். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60, 65 டெசிபல். ஆக, படத்தின் வசனத்துக்கு ஒரு வாட்கூடத் தேவைப்படுவதில்லை. பத்து வாட் கொடுத்தால் 90 டெசிபல். நூறு கொடுத்தால் 100. நூறு டெசிபலில் படம் பார்த்தால் அம்மா அடுப்படியிலிருந்து வந்து ஸ்விட்சை அணைத்துவிடுவார். இன்னொன்றும் உண்டு. 80 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் ஓசையில் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு டெசிபல். மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினாலும் பெரும்பாலோர் கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்த இருபது வாட்டுக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது என் பார்வையில் வீண்.

சரி, அந்த ஆயிரம் வாட்ஸ்? தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர்களில் பி.எம்.பி.ஓ. என்று ஓர் எண் மினுங்கும். கண்ணிமைக்கும் நேர உச்சத்தை எடுத்து, எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டிப் போட்ட கணக்கு அது. இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. நல்ல கம்பெனி ரிசீவர்களிலும் பெட்டிமேல் போடும் எண், ஒரு சேனலையோ இரண்டு சேனலையோ மட்டும் ஓட்டி அளந்ததாக இருக்கும். எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் ஓடினால் அந்த எண் வெகுவாக இறங்கிவிடும். அமெரிக்காவில் இந்த எண் விளையாட்டுக்காகவே 1974இல் விதி கொண்டுவந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து 2024இல் அதை இன்னும் இறுக்க வேண்டியிருந்தது. ஆகவே விவரத்தாளில் ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்’ என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் பாருங்கள். அதில் 60, 70 வாட் இருந்தால் தம்பியின் ஹாலுக்குத் தாராளம்.

அப்படியானால் ரிசீவரிடம் எதைக் கேட்டு வாங்குவது? முதலில் பேச்சு. தமிழ்ப் படத்தில் பின்னணி இசை வசனத்தின்மேல் ஏறி உட்காரும், வயதானவர்கள் “என்னப்பா சொன்னான்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஐந்து ஸ்பீக்கர் ஏற்பாட்டில் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அந்த ஒன்றை மட்டும் இரண்டு, மூன்று டெசிபல் தனியாகக் கூட்டிவைக்க ரிசீவரில் வழி உண்டு. இரவில் வெடிச்சத்தத்தை அடக்கி, முணுமுணுப்பை உயர்த்தித் தரும் ‘நைட்’ ஏற்பாடும் பலவற்றில் உண்டு. இவை இரண்டும் ரிமோட்டில் சுலபமாகக் கைக்கு வருகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். ஒரு வீட்டில் பாட்டிக்கு வசனம் புரியவில்லை என்றால் அந்த வீட்டு ஹோம் தியேட்டரை நான் நல்ல ஹோம் தியேட்டர் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அடுத்தது, ஒலியைப் பிரிக்கும் வேலை. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வந்தபோது, நான்கு பக்க ஒலியை இரண்டு தடத்துக்குள் மடித்துவைத்து, தியேட்டரில் பிரித்தெடுத்தார்கள். பின்னால் வந்த டால்பி டிஜிட்டலும் டி.டி.எஸ்.ஸும் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகவே கொடுத்தன. 2012இல் முப்பரிமாணத்தில் மறுபடி வந்த ‘சிவாஜி’யோடு தலைக்குமேல் ஒலி கேட்கும் அட்மாஸும் நம் தியேட்டருக்குள் நுழைந்தது. இவற்றையெல்லாம் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் ரிசீவரின் உண்மையான தொழில்.

அசெம்பிள் செட் பற்றி இங்கேதான் பேச வேண்டும். 5200, 1943 டிரான்சிஸ்டர் போட்டு, நல்ல டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, நம் ஊர் மெக்கானிக்குகள் கட்டித்தரும் ஆம்ப்ளிஃபயர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பழுதானால் அவர்களே பிரித்து, உதிரிபாகம் வாங்கி, ஓரிரு நாளில் திருப்பித் தருகிறார்கள். எந்தப் பெரிய கம்பெனியும் அந்த வேகத்தில் செய்வதில்லை. ஆனால் ‘5.1’ என்று விற்கும் அசெம்பிள் செட் பலவற்றில் பிரிக்கும் போர்டு கிடையாது. வருவது இரண்டு சேனல். அதையே வடிகட்டி ஆறு வழியாக விட்டுவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். ஓ.டி.டி.யில் 5.1 ஒலி உள்ள படம் ஒன்றைப் போட்டு, இரண்டு பேர் பேசும் காட்சியில் பின் ஸ்பீக்கரில் காதை வையுங்கள். வசனம் முழுசாக அங்கேயும் கேட்டால் அது 5.1 இல்லை. ஆப்டிகல் வழியாக டால்பி டிஜிட்டலை வாங்கிப் பிரிக்கும் போர்டு வைத்துக் கட்டித்தரச் சொன்னால் கட்டித்தருவார்கள்; பட்ஜெட் குறைவென்றால் அது நல்ல வழி.

டி.வி.யிலிருந்து ஒலி எப்படி வரும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். டி.வி.யின் ஹெச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின்மேல் ‘ஆர்க்’ அல்லது ‘ஈ-ஆர்க்’ என்று எழுதியிருக்கும். ரிசீவரை அதில்தான் மாட்ட வேண்டும். ஓ.டி.டி. படங்கள் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலிக்கு, டி.வி. வழிவிட்டால், ஆர்க் போதும், அட்மாஸ் உட்பட. புளூ-ரே தட்டின் குறையாத ஒலியை டி.வி. வழியாகக் கொண்டுவர வேண்டுமென்றால்தான் ஈ-ஆர்க் தேவை. எதை வாங்கினாலும் டி.வி.யின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்று இருந்தால் அதை மாற்றி ‘பாஸ் த்ரூ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ வைத்துவிடுங்கள். மாற்றாமல் விட்டால் ஆர்க் வழியாக இரண்டு சேனல்தான் வரும். ஐந்து ஸ்பீக்கருக்குச் செலவு செய்துவிட்டு இரண்டு சேனல் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். அதைச் சோபாவில் காது உயரத்தில் நிறுத்திவிட்டால், பெட்டி தானே டிக் டிக் என்று ஒலி எழுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் கணித்துச் சரிசெய்யும். யமஹாவில் ஒரு பெயர், டெனானில் ஒரு பெயர், வேலை ஒன்றே. அந்த நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. அருப்புக்கோட்டையில் பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும் தெரு என்றால், தறி நின்றபிறகு ராத்திரியில் செய்யுங்கள். ஆனால் மைக்கால் முடியாத ஒன்று இருக்கிறது. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, கண்ணாடி ஷோகேஸ் உள்ள ஹாலில் ஒரு கை தட்டினால் மணி அடித்த மாதிரி ஒலி தங்கும். அந்த எதிரொலியை எந்த ரிசீவரும் குடிக்காது. தரையில் கனமான ஜமக்காளம், ஜன்னலில் மடிப்பு விட்ட தடித்த திரை, பின்சுவரில் புத்தக அலமாரி. இவ்வளவு செய்தால் அடுத்த மாடல் ரிசீவருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

இனி நான் அதிகமாகச் சொல்ல விரும்பும் விஷயம். கரிசல் பூமியில் ரிசீவர் தேர்வு எர்த் குழியில் தொடங்குகிறது.

ஈரமாக இருக்கும்வரை கரிசலைப்போல எர்த்துக்கு நல்ல மண் கிடையாது. களிமண், ஈரத்தைப் பிடித்துவைக்கும், மின்சாரம் சுலபமாக இறங்கும். சித்திரை வைகாசியில் அதே மண் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. எர்த் பைப்பைச் சுற்றியும் இப்படித்தான் விலகிவிடும். பைப் இருக்கும், மண் இருக்கும், இரண்டுக்கும் நடுவே காற்று. கார்த்திகையில் சரியாக இருந்த எர்த் பங்குனி தாண்டியதும் பேருக்குத்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் தொட்டால் ஃபிரிட்ஜ் லேசாகச் சுரீர் என்கிறதா? அதுதான் அடையாளம்.

ரிசீவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி கேட்டான். பல ரிசீவர்களுக்கு இரண்டு முள் பிளக்தான், எர்த் முள்ளே கிடையாது. ஆனால் அதோடு இணையும் கம்ப்யூட்டருக்கு உண்டு. மாடியில் இருக்கும் டிஷ்ஷின் கேபிள் உறை வழியாகவும் ஒரு பாதை வரும். ஒவ்வொன்றும் வேறு வேறு மட்டத்தில் நிற்கும்போது, ஹெச்.டி.எம்.ஐ. வயரின் உறையில் மின்சாரம் ஓடி, ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம் கேட்கும். கடையில் மாற்றிக் கொடுத்த புதுப் பெட்டியும் அதே ஹம் அடிக்கும், ஏனென்றால் பழுது பெட்டியில் இல்லை. இடி மழையில் இன்னும் மோசம். கோடைமழையோ ஐப்பசி மழையோ, பக்கத்தில் எங்கோ விழும் மின்னல் டிஷ் கேபிளில் ஒரு வீச்சைத் தூண்டிவிட, அது செட்டாப் பாக்ஸ் வழியாக ரிசீவரின் ஹெச்.டி.எம்.ஐ. போர்டைத் தின்றுவிடுகிறது. ஆம்ப்ளிஃபயர் பகுதி நன்றாக இருக்கும், அந்த ஒரு போர்டு போனதால் மொத்தப் பெட்டியும் மூலைக்குப் போகும். சர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டியிருக்கிறோமே என்பார்கள். வீச்சை அது தள்ளிவிட வேண்டிய இடமே எர்த்தான். எர்த் இல்லாவிட்டால் பாதி வேலைகூடச் செய்யாது.

வைத்தியம் எளிது. எட்டு அடிக்குக் குறையாத குழி, பைப்பைச் சுற்றி மரக்கரியும் உப்பும் மாறி மாறி, மேலே ஒரு புனல், மூடி. சீமைக்கருவேலக் கரிமூட்டம் புகையும் இந்தச் சீமையில் கரிக்குப் பஞ்சமா? கோடை முழுக்க வாரம் ஒரு குடம் தண்ணீர் புனலில் ஊற்றுங்கள். துணி அலசிய தண்ணீரானாலும் பரவாயில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே ரிசீவரைப் பெட்டியிலிருந்து எடுங்கள். வானம் கறுத்ததுமே, இடி தொடங்கும் முன்பே, டிஷ் கேபிளைக் கழற்றிப் போடும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்; இடி தொடங்கிவிட்டால் அதைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. விருதுநகர்ப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரி சாதாரணம். ரிசீவர் தன்னளவிலேயே சூடாகும் சாதனம். ஷோகேஸுக்குள் கண்ணாடிக் கதவு போட்டு அடைத்தால் தானாக அணைந்து அணைந்து எரியும். மேலே ஓர் அடியாவது வெற்றிடம் விடுங்கள், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் தூக்கி வைக்காதீர்கள். கரிசல் புழுதி உள்ளே படிந்தால் சூடு இறங்காது. மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டும்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மாமா கொண்டுவருகிறார் என்றால், நம் 230 வோல்ட்டுக்கு ஒத்துப்போகும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், நேராக மாட்டினால் எரிந்துபோகும். எங்கிருந்து வந்தாலும் இங்கே வாரன்டி பேசாது. யமஹா, டெனான், ஆன்க்யோ எதுவானாலும் சர்வீஸ் மதுரையில் நடக்கிறதா, சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிறார்களா என்று பில் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பத்துக் கிலோ பெட்டியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலையப்போவது நீங்கள்தான்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: அட்மாஸுக்கு உயரத்தில் ஸ்பீக்கர் வேண்டும், கூரை வார்த்தாயிற்று, இனி அதைத் துளைக்க வேண்டாம். ஒழுங்கான 5.1 ரிசீவர் ஒன்று, மைக் வசதியோடு. மிச்சப் பணத்தை நடு ஸ்பீக்கரில் போடு. பூச்சு வேலை தொடங்குமுன் டி.வி. சுவரில் ஒன்றரை இஞ்ச் பைப் ஒன்று புதைத்துவிடு, ஹெச்.டி.எம்.ஐ. பிளக் முக்கால் இஞ்ச் பைப்பில் நுழையாது. முனைகளில் எல்போ போடாமல் வளைவுப் பைப் போடச் சொல். பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தனிப் பைப், அதில் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், கரன்ட் வயர் போகும் பைப்பில் அதைச் சேர்க்கக் கூடாது.

“வாட்ஸ் சொல்லவே இல்லையேண்ணே?” என்றான். எழுபது, என்றேன்.

(அடுத்த வாரம்: சப்-ஊஃபரை எந்த மூலையில் வைப்பது)