உடலுக்குள் ஒரு நெற்றி விளக்கு

மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோத்தா கோலா மூடா அமைந்துள்ளது. அங்கிருந்து சுங்கை பட்டாணிப் பக்கம் சென்றால், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. விடியுமுன் மரம் சீவச் செல்லும் தொழிலாளர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்வர். தூரத்தில் நிற்பவருக்கு ஆளும் தெரியாது, மரமும் தெரியாது. ஆனால், விளக்கு தெரியும் இடத்தைக் கொண்டு அவர் எந்த நிரையில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்.

உடலுக்குள் மறைந்திருக்கும் புற்றுநோய்க் கட்டியையும் இதே முறையில் கண்டறியலாம். அதற்கு மூன்று தேவை: இடமறிந்து செல்லும் ஆள், அவர் சுமக்கும் விளக்கு, வெளியிலிருந்து பார்க்கும் கண்.

இடமறிந்து செல்லும் ஆள், எதிர்ப்பொருள். நோய்க்கிருமிகளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள நம் உடல் உருவாக்கும் புரதம் இது. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய இலக்கை மட்டுமே பற்றும். சில புற்றுநோய் உயிரணுக்களில் குறிப்பிட்ட சில புரதங்கள் இயல்பைவிட மிகுதியாக இருக்கும். அவற்றைப் பற்றும் எதிர்ப்பொருளைத் தயாரித்தால், அது கட்டியைத் தேடிச் செல்லும். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உருவாக்கும் முறையை 1975இல் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் ஆகியோர் கண்டறிந்தனர். அதற்காக அவர்கள் 1984இல் நோபல் பரிசு பெற்றனர்.

விளக்காக அமைவது கதிரியக்கத் தனிமம். எதிர்ப்பொருளுடன் இணைக்கப்படும் இத்தனிமம் காமா கதிர்களை வெளியிடும். அக்கதிர்கள் உடலைக் கடந்து வெளியே வரும். இவ்விளக்கு தானாகவே மங்கிவிடும். டெக்னீசியம்-99எம் என்னும் தனிமத்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அயோடின்-131 பாதியாகக் குறைய ஏறத்தாழ 8 நாள் ஆகும்.

வெளியிலிருந்து பார்க்கும் கண், காமா படக்கருவி. ஊசி போட்டவுடன் படமெடுத்தால் பயனில்லை. எதிர்ப்பொருள் முதலில் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றும். எல்லா நிரைகளிலும் விளக்கு தெரிந்தால், தேடும் மரத்தை எப்படிக் காண்பது? ஆகவே, அது இரத்தத்திலிருந்து குறைந்து கட்டியில் சேரும்வரை பல மணி நேரமோ சில நாள்களோ காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டேவிட் கோல்டன்பெர்க் குழுவினர், அயோடின்-131 இணைத்த எதிர்ப்பொருளைப் பயன்படுத்தி நோயாளிகளின் கட்டிகளைப் படமெடுத்து 1978இல் வெளியிட்டனர். 1996இல், டெக்னீசியம்-99எம் இணைத்த எதிர்ப்பொருள் துண்டு ஒன்று பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிய அந்நாட்டில் அனுமதிக்கப்பட்டது. முழு எதிர்ப்பொருளைவிடச் சிறியதாக இருப்பதால் அத்துண்டு இரத்தத்திலிருந்து விரைவாக நீங்கும்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. மிகச் சிறிய கட்டி படத்தில் தெரியாமல் போகலாம். கட்டியில்லாத இடமும் சில வேளைகளில் ஒளிரலாம். எலியின் உயிரணுவிலிருந்து பெற்ற எதிர்ப்பொருளை நம் உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கலாம். எனவே, மருத்துவர்கள் படத்தை மட்டும் நம்பாமல் திசுப் பரிசோதனை போன்றவற்றையும் மேற்கொள்வர். வேறு கதிரியக்க மருந்துகளும் இன்று பரவலாகப் பயன்படுகின்றன.

“கதிரியக்கம்” என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அஞ்சுவர். அணுகுண்டோடு சேர்த்தே அவர்கள் அச்சொல்லைக் கேட்டிருப்பார்கள். ஆனால், படமெடுக்கத் தரப்படும் மருந்து அளந்து தரப்படுவது. கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மற்றவர்களும் படமெடுத்தபின் மருத்துவமனை கூறும் விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

நம் வட்டாரத்திற்கு அருகில், பினாங்கு மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவு உள்ளது. நாளை உங்கள் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ அத்தகைய பிரிவிலிருந்து அழைப்பு வரலாம். அச்சத்தால் அவர் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கட்டி வளரக்கூடும். முளையிலேயே கிள்ள வேண்டியதை முற்றவிடலாமா? அவர் அருகில் அமர்ந்து, மரம் சீவிய காலத்து நெற்றி விளக்கை நினைவூட்டுங்கள். கதிரியக்கம் அங்கே என்ன வேலை செய்யப் போகிறது என்பது அவருக்கு எளிதில் விளங்கும்.