தூரத்துக் கணினித் திரையைப் பலர் ஒருங்கே காணும் முறை

திருநெல்வேலி ஜில்லா கூடங்குளம் அணுமின் நிலையத்தின் 1,000 மெகாவாட் சக்தியுள்ள முதலாவது உலை, 2016-ஆம் வருஷம் ஆகஸ்டு 10-ஆம் தேதி நாட்டிற்கு அர்ப்பணம் செய்யப்பட்டது. பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி புது டில்லியிலும், ருஷிய ஜனாதிபதி ஸ்ரீ விளாதிமிர் புடின் மாஸ்கோவிலும், அந்நாளைய முதன்மந்திரி செல்வி ஜெ. ஜெயலலிதா சென்னையிலும் இருந்தபடியே திரை வாயிலாக அவ்வைபவத்தில் கலந்துகொண்டனர். இவ்வகைச் சாதனம் இப்பொழுது கிராமங்களுக்கும் எட்டியிருக்கிறது. பயிர் இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தை நிரப்பும் விதத்தை ஓர் அதிகாரி தம் கணினியில் செய்துகாட்ட, பல கிராமத்தார் ஏககாலத்தில் காணலாம்.

திரையைக் காட்டுகிறவரே ஒவ்வொருவருக்கும் தனிப்பிரதி அனுப்புவதாயின், விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஆயிரம் பேருக்கு ஆயிரம் மெகாபிட் வேண்டும். சாதாரண இணைப்பு இதைத் தாங்காது. ஆகையால் அவர் ஒரே பிரதியை 'சர்வர்' என்னும் வழங்கு நிலையத்திற்கு அனுப்புகிறார். அது பிரதிகள் எடுத்து யாவர்க்கும் அளிக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணையில் தேங்கிய தாமிரபரணி நீர், வடகால் தென்கால் எனப் பிரிந்து வயல்களை அடைவதை இதற்கு ஒப்பிடலாம். ஆயினும் ஒரு பேதமுண்டு: நீர் பங்கிடக் குறையும்; பிரதி குறையாது.

கூட்டம் நடத்தும் கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொருவரும் தத்தம் கைபேசியில் பார்ப்பதைவிட, ஒரே இணைப்பைக் கொண்டு சுவரில் பெரிதாகக் காட்டுதல் நலம்.

2. எழுத்துக்கள் கடைசி வரிசைக்கும் தெரிகின்றனவா என்று முன்னதாகவே சோதித்தல் வேண்டும்.

3. பெருங்கூட்டத்திற்குப் படம் சில விநாடிகள் தாமதித்தே வருவதுண்டு. ஆதலால் ஒவ்வொரு படிக்கும் பிறகு சற்று நிறுத்திக் கேள்விகளைக் கேட்கவேண்டும்.

4. ஒருவருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பொதுத் திரையில் தோன்றலாகாது. மாதிரி விண்ணப்பத்தையே உபயோகிக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பின்வருவது. திரையைக் காண அனுமதிப்பது வேறு. நம் கருவியை அயலார் இயக்க அனுமதிப்பது வேறு. முன்னது வயலைக் காட்டுவது. பின்னது களஞ்சியச் சாவியைக் கொடுப்பது. தூரத்திலிருந்து கருவியை இயக்கும் 'எனிடெஸ்க்' என்னும் செயலியைக் கொண்டு மோசக்காரர்கள் பணம் அபகரிப்பது பற்றி, 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி எச்சரித்தது. குற்றம் கருவியினுடையதன்று, அதை உபயோகிப்போருடையதே. கண்கூடாகக் காண்பதற்கும் மோசக்காரர் பார்வையில் படாமலிருக்க வேண்டும். ஏனெனில், திரையில் தோன்றும் இரகசிய எண்ணைப் பார்த்தாலே அவர்களுக்குப் போதும். ஆகவே, முன்பின் அறியாதவர் தொலைபேசியில் சொல்லும் செயலியை எவரும் ஏற்றலாகாது. ஏற்றியிருந்தால் உடனே இணைப்பைத் துண்டித்து, வங்கிக்கும் 1930 என்னும் எண்ணிற்கும் அறிவித்தல் வேண்டும். இவ்விஷயத்தை ஒவ்வொரு கூட்டத்தின் ஆரம்பத்திலும் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது உத்தியோகஸ்தர்களின் கடமையாகும்.