பேசாத படமும் பேசும் பொருள்களும்

கூண்டைக் கண்டால் அடிமைத்தனம், புறாவைக் கண்டால் சமாதானம் என்று அகராதியைப் புரட்டுவதுபோல் சிறு படங்களுக்குப் பொருள் சொல்லும் வழக்கம் நம் ரசிகர்களிடையே வேரூன்றிவிட்டது. இதைவிட வருந்தத்தக்கது, படம் எடுப்பவர்களும் அதே அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு எடுப்பதுதான். இத்தகையோர் ஸத்யஜித் ராய் 1964-ல் எடுத்த ‘டூ’ என்னும் படத்தை ஒரு முறை பார்ப்பது நலம். சுமார் 12 நிமிஷமே ஓடும் படம்.

எஸ்ஸோ என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் ஆதரவில், அந்நாட்டு டெலிவிஷனுக்காக எடுக்கப்பட்டது அது. வங்காளச் சூழலில் ஆங்கிலப் படம் ஒன்று வேண்டுமென்று ராயிடம் கேட்டார்கள். அவரோ பேச்சே இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். வங்காளச் சிறுவர் வாயில் ஆங்கிலத்தைத் திணிக்காமல் தப்பிய அந்தச் சாமர்த்தியத்தை நாம் மிகவும் ரசிக்கிறோம்.

மாளிகையில் தனியே ஒரு பணக்காரப் பையன். கையில் கோக்கோ-கோலா புட்டி. அறை நிறையப் பொம்மைகள். ஜன்னலுக்கு வெளியே குழலோசை கேட்கிறது. குடிசைப் பையன் ஒருவன் ஊதுகிறான். இவன் தன் ஊதுகொம்பை எடுத்து அதை அடக்குகிறான். அவன் மேளம் கொண்டுவந்தால் இவன் மேளம் கொட்டும் குரங்குப் பொம்மையை முடுக்கிவிடுகிறான். அவன் முகமூடி அணிந்து ஆடினால் இவனிடம் அதற்கும் பதில் இருக்கிறது. ஏழைப் பையன் தோற்றுத் திரும்புகிறான்.

பிறகு வானத்தில் ஒரு பட்டம் எழுகிறது.

கதையின் முடிச்சு இங்கேதான். ஒன்றுக்கு ஒன்று என்று போட்டியை வளர்த்துக்கொண்டு போவது பழைய கதை மரபு. பாட்டி கதைகளிலும் உண்டு. ஆனால் பட்டத்துக்கு ஈடாகக் காட்ட மாளிகையில் ஒரு பொருளும் இல்லை. ஆகவே பையன் கவணை எடுக்கிறான். அது பலிக்காமற் போகவே காற்றுத் துப்பாக்கியை எடுக்கிறான். பட்டம் கிழிந்து விழுகிறது. எதிராளியை மிஞ்சக் கையில் பொருள் இருந்தவரையில் அவன் ஆயுதத்தால் தாக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பட்டம் எதற்கும் ‘சின்னம்’ அன்று. அது முதலில் பட்டம். அதனாலேயே அது விழும்போது நம் நெஞ்சு பதறுகிறது.

வியத்நாம் யுத்தத்தை மறைமுகமாகக் கண்டிக்கும் படம் இது என்று சிலர் கூறுவர். அந்தப் பொருளுக்கு இடமில்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது நமக்குச் சௌகரியமான தீர்ப்பு. குற்றவாளிக் கூண்டில் அந்நியனை ஏற்றிவிட்டு நாம் வீடு திரும்பிவிடலாம் அல்லவா? படத்தில் துப்பாக்கி பிடித்தவன் அமெரிக்கச் சிறுவனல்ல, நம் நாட்டுப் பிள்ளை. மாளிகையும் நம்முடையது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் குடிசையும் நம்முடையது. புட்டி மட்டுமே அயல்நாட்டுச் சரக்கு.

வெற்றி பெற்ற பையன் எல்லாப் பொம்மைகளையும் ஒருங்கே முடுக்கிவிடுகிறான். அந்த இரைச்சலுக்கு மேலே குழல் மறுபடியும் கேட்கிறது. யந்திர மனிதப் பொம்மை தன்பாட்டில் நடந்து சென்று, அவன் அடுக்கி வைத்த கட்டைக் கோபுரத்தில் மோதி அதைச் சாய்க்கிறது. சாவி கொடுத்தவன் அவனேதான்.