ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகள்

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று உருவானதற்குக் காரணம், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் திறந்துகிடக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் தென்மேற்குப் பருவக்காற்றை நெருக்கி விரைவுபடுத்துவதேயாகும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் அடங்கிய ஆற்றல் எட்டு மடங்காகிவிடும் என்பதால், இடத்தேர்வே இத்தொழிலின் உயிர்நாடியாகும். அத்தகைய அரிய இடத்தை 1990களில் நிறுவப்பட்ட, 225 அல்லது 250 கிலோவாட் திறனே உடைய சிறு காற்றாலைகள் இன்னமும் பிடித்துக்கொண்டு நிற்பது வருந்தத்தக்கது. அவற்றை அகற்றி, 2 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திறனுடைய உயர்ந்த காற்றாலைகளை நிறுவும் பணி மறுதிறனூட்டல் எனப்படுகிறது. எனினும் ஒரு காற்றாலையின் பின்னே காற்று வலுவிழந்து கலங்குவதால் பெரிய காற்றாலைகளுக்கிடையே நீண்ட இடைவெளி விட வேண்டியிருக்க, நிலமோ சிறு சிறு துண்டுகளாகப் பல உரிமையாளர்களிடம் பிரிந்து கிடப்பதால், அவர்களை ஒரே உடன்பாட்டுக்குள் கொண்டுவருவது பொறியியலைவிடக் கடினமான வேலையாக இருக்கிறது.