நித்தியகல்யாணி செல்லை நிறுத்தும் இடம்

எளாவூர்ப் பக்கம் வேலியோரங்களில் ஆண்டு முழுக்கப் பூத்துக்கிடக்கும் செடி நித்தியகல்யாணி. ஆடுகூட வாய் வைக்காது. சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குபவர்களும் உண்டு. ஆனால், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முதன்மையான மருந்துகளில் ஒன்றான வின்கிரிஸ்டின் இதன் இலையில்தான் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் புரிய, செல் எப்படிப் பெருகுகிறது என்று தெரிய வேண்டும். ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல் ஒரு சுழற்சியை முடிக்கச் சுமார் 24 மணி நேரம் ஆகிறது. பெரும்பகுதி தயாரிப்புக்கே போய்விடும். ‘ஜி1’ கட்டத்தில் செல் புரதங்களைச் சேர்த்துப் பருக்கிறது. ‘எஸ்’ கட்டத்தில் 46 குரோமோசோம்களின் டிஎன்ஏவும் நகலெடுக்கப்படுகிறது. ‘ஜி2’ கட்டத்தில் நகல் சரிபார்க்கப்படுகிறது. பிரிவது கடைசி ஒரு மணி நேரத்தில்தான்.

அந்த ஒரு மணி நேரம் அற்புதமானது. குரோமோசோம்கள் சுருண்டு தடித்து நடுவில் வரிசைகட்டுகின்றன. இரு முனைகளிலிருந்தும் டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல் இழைகள் நீண்டு வந்து ஒவ்வொன்றையும் பற்றுகின்றன. எளாவூர் சோதனைச் சாவடியில் தாள்கள் சரியாக இல்லாத லாரி நகர முடியாததுபோல, ஒரே ஒரு குரோமோசோமை இழை பற்றாவிட்டாலும் செல் காத்திருக்கும். எல்லாம் சரியானால், நகல்கள் இரு பக்கமும் இழுக்கப்பட்டு இரண்டு செல்கள் உருவாகும்.

வின்கிரிஸ்டின் கைவைப்பது இங்கேதான். அது டியூபுலினோடு ஒட்டிக்கொள்வதால் இழைகள் உருவாவதில்லை. நடுவழியில் மாட்டிக்கொண்ட செல் கடைசியில் மடிகிறது.

1950களில் கனடாவில் ஆய்வாளர் ராபர்ட் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து நித்தியகல்யாணி இலைகள் வந்தபோது, அவர் தேடியது சர்க்கரை நோய் மருந்தை. எலிகளின் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் சரிந்தன. அவரும் சார்லஸ் பீரும் அந்தத் தடயத்தைப் பிடித்து, வின்பிளாஸ்டின் என்ற இன்னொரு மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே இலையிலுள்ள வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி கிடைத்தது. செல் சுழற்சியை முடுக்கும் புரதங்களைக் கண்டறிந்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு 2001இல் வந்தது. சுழற்சியின் விசை பிடிபடும் முன்பே அதை நிறுத்தும் மருந்து கையில் இருந்தது.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் இதே வேலையைச் செய்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதி விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் செடி அதுதான். அதிலுள்ள கொல்கிசின் கடும் விஷம். அதுவும் டியூபுலினையே பிடிக்கிறது. 1955இல் ஆய்வாளர்கள் ட்ஜியோவும் லேவனும் இந்த வேதிப்பொருளால் செல்களைப் பிரியும் நேரத்தில் நிறுத்திவைத்து எண்ணியபோதுதான், மனிதக் குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்று உறுதியானது.

வின்கிரிஸ்டினுக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பாகுபாடு தெரியாது. ஓயாமல் பிரியும் முடிவேரும் அடிபடுவதால் முடி கொட்டுகிறது. நரம்புச் செல்கள் பிரிவதில்லை. ஆனாலும் பொருள்களைக் கடத்த அவற்றுக்கும் அதே நுண்குழல்கள் தேவை. அதனால் கைகால் மரத்துப்போகிறது.

ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வீட்டுக் கஷாயத்தில் எந்த நஞ்சு எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புற்றுநோய்க்கு நித்தியகல்யாணி இலை நல்லது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதை அரைத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.