17 மாதம் யார் கணக்கில்?

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடலாம். சாக்லேட் நிற லேப்ரடாரின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டு. மற்ற நிற லேப்ரடார்களுக்கு 12.1. வித்தியாசம் 1.4 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 17 மாதம். சிட்னி பல்கலைக்கழகமும் லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரியும் சேர்ந்து செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வின் எண்கள் இவை. 2013-இல் பிரிட்டனின் கால்நடை மருத்துவர்களிடம் வந்த 33,320 லேப்ரடார்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். நோய் விவரங்களுக்காக அவற்றிலிருந்து 2,074 நாய்களைக் குலுக்கல் முறையில் பொறுக்கினார்கள்.

செய்தி பரவியபோது, நிறமே ஆயுளைத் தின்றுவிடுகிறது என்பதுபோல் ஆகிவிட்டது. அந்த 17 மாதத்தை நிறமியின் பற்றில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நிறமி செய்வது மிகச் சின்ன வேலை.

எவ்வளவு சின்னது என்று பார்க்கலாம். நாயின் 11-ஆவது குரோமோசோமில் டிஒய்ஆர்பி1 என்றொரு மரபணு இருக்கிறது. கருப்பு நிறமி முழுக் கருப்பாகத் தேற அது தயாரிக்கும் புரதம் வேண்டும். லேப்ரடார்களில் இது பெரும்பாலும் மூன்றே இடங்களில் பிசகுகிறது. 331-ஆவது இடத்தில் புரதம் பாதியில் நின்றுபோகலாம்; 345-ஆவது அமினோ அமிலம் விடுபட்டுப் போகலாம்; 41-ஆவது இடத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்து உட்காரலாம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுபட்ட படிகள் சேர்ந்தால் கருப்பு பழுப்பாகிறது. இரண்டும் ஒரே வகைப் பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் மரபணுச் சோதனையில் மூன்றையும் பார்க்காவிட்டால் விடை தப்பிவிடும்.

மஞ்சளுக்கு வேறு மரபணு: 5-ஆவது குரோமோசோமில் இருக்கும் எம்சி1ஆர். 317 அமினோ அமிலம் கொண்ட அந்தப் புரதம் 306-ஆவது இடத்திலேயே முடிந்துபோனால், ரோமத்துக்குக் கரும் நிறமி போய்ச் சேராது. இதற்கும் இரண்டு படிகள் வேண்டும். அப்படி அமைந்துவிட்டால் உள்ளே கருப்போ பழுப்போ, வெளியே தெரிவது மஞ்சள்தான்.

இப்போது பெருக்கல். தாயும் தகப்பனும் பார்வைக்குக் கருப்பு. ஆனால் இரண்டிடமும் ஒரு பழுப்புப் படியும் ஒரு மஞ்சள் படியும் ஒளிந்திருக்கின்றன. சேர்க்கைகள் 16. அவற்றில் கருப்பு 9, மஞ்சள் 4, சாக்லேட் 3. அந்த 4 மஞ்சளில் ஒன்று உள்ளுக்குள் சாக்லேட். அதன் மூக்கும் கண்ணிமை ஓரமும் பழுப்பாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும். 16-ல் 3 என்றால் 18.75 விழுக்காடு. ஓர் ஈற்றில் 8 குட்டி என்று வைத்தால், எட்டில் ஒன்றுகூட சாக்லேட்டாக இல்லாமல் போக 13/16-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். விடை 0.19. ஐந்து ஈற்றுக்கு ஒன்றில் சாக்லேட்டே வராது. சாக்லேட் குட்டி கேட்டு முன்பணம் கொடுத்தவர்களுக்கு வளர்ப்பவர் என்ன பதில் சொல்வார்?

சுருக்கு வழி ஒன்று உண்டு. சாக்லேட்டையும் சாக்லேட்டையும் சேர்த்தால் கருப்புக் குட்டி பிறக்க வழியே இல்லை. இரண்டிடமும் மஞ்சள் ஒளிந்திருந்தாலும் நான்கில் மூன்று சாக்லேட். ஒன்றிடம் அது இல்லையென்றால் எல்லாமே சாக்லேட். வியாபாரத்துக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் நிறத்தைப் பார்த்து ஜோடி சேர்க்கும்போது, அந்தச் சில நாய்களின் காது, தோல், மூட்டு எல்லாமும் சேர்ந்தேதான் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.

இந்த நிறத்துக்கு எப்போதும் கிராக்கி இருந்ததில்லை. ஸ்காட்லாந்தின் பக்லூ பிரபுக்களின் நாய்ப்பண்ணையில் 1892-இலேயே பழுப்புக் குட்டிகள் பிறந்ததாகப் பதிவு உண்டு. அன்று அதைக் கல்லீரல் நிறம் என்றார்கள். அந்தப் பெயரில் யார் வாங்குவார்கள்! வேட்டைக்காரர்கள் கருப்பையே விரும்பினார்கள். பிரிட்டனில் ஒரு சாக்லேட் லேப்ரடார் முதன்முதலாகச் சாம்பியன் பட்டம் பெற்றது 1964-இல். குக்ரிட்ஜ் டாங்கோ என்ற பெண் நாய். இடையில் 72 ஆண்டு. 2013-இன் பதிவேட்டிலோ கருப்பு 44.6 விழுக்காடு, மஞ்சள் 27.8, சாக்லேட் 23.8. ஏறக்குறைய நாலில் ஒன்று.

இனி செலவுப் பக்கம். அந்த ஓராண்டில் காது அழற்சி வந்தவை: கருப்பில் 100-க்கு 12.8, மஞ்சளில் 17.0, சாக்லேட்டில் 23.4. தொங்கு காதும் தண்ணீர் ஆசையும் எல்லா லேப்ரடாருக்கும் பொது. இருந்தும் கருப்பைவிட சாக்லேட்டுக்கு 1.8 மடங்கு. நாய் தானே நக்கியும் சொறிந்தும் புண்ணாக்கிக்கொள்ளும் ஈரத்தோல் அழற்சி கருப்பில் 1.1, மஞ்சளில் 1.6, சாக்லேட்டில் 4.0. இது 3.6 மடங்கு.

நடுவில் நிற்கும் மஞ்சளைக் கவனியுங்கள். குற்றவாளி பழுப்பு நிறமிதான் என்றால், வேறொரு மரபணுவால் மஞ்சளான நாய்க்குக் கருப்பைவிட அதிகம் ஏன் வர வேண்டும்? மஞ்சளுக்கும் சாக்லேட்டுக்கும் உள்ள ஒற்றுமை, இரண்டும் ஒளிந்து வரும் நிறங்கள். வேண்டுமென்றால் தேடிப்பிடித்து ஜோடி சேர்த்தாக வேண்டும். இது நிரூபணம் ஆகாது, என் சந்தேகத்துக்கு வலு சேர்க்கிறது, அவ்வளவுதான். ஆய்வாளர்களும் இந்தத் திசையைத்தான் காட்டினார்கள்: நிறத்துக்காகச் செய்யும் தேர்வில் காது, தோல் நோய்களுக்கு இடம்கொடுக்கும் மரபணுக்களும் கூடவே பெருகியிருக்கலாம் என்று.

17 மாதத்தைக் கேட்டு மலைத்தவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அது. 48 லேப்ரடார் குட்டிகள், 24 ஜோடிகள். ஜோடியில் ஒன்று சாப்பிடுவதைவிட மற்றதற்கு 25 விழுக்காடு குறைவாக, அதே தீனி, ஆயுள் முழுக்க. நிறையச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துச் சாப்பிட்டவற்றுக்கு 13.0. வித்தியாசம் 1.8 ஆண்டு, ஏறத்தாழ 22 மாதம். நிறத்தின் பெயரில் எழுதப்படும் கடனைவிட ஐந்து மாதம் கூடுதல். இதைச் செய்தது தீனிக் கிண்ணம் மட்டுமே.

கிண்ணத்தைக் குறைப்பது சுலபமில்லை என்பதற்கும் ஒரு மரபணு உண்டு. பிஓஎம்சி மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போன லேப்ரடார்கள் ஏறத்தாழ 23 விழுக்காடு என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு 2016-இல் கண்டது. பழுதான ஒவ்வொரு படிக்கும் சராசரியாக 1.9 கிலோ எடை கூடுகிறது. இந்த நாய்களுக்குப் பசி அதிகம். சும்மா இருக்கும்போது இவை எரிக்கும் சக்தி கால் பங்கு குறைவு என்று 2024-இல் தெரிந்தது.

கரும் நிறமியைத் தயாரிக்கச் சொல்லி எம்சி1ஆரிடம் போகும் ஹார்மோனும் இதே பிஓஎம்சியிலிருந்துதான் வருகிறது. ஆனால் விடுபட்ட 14 எழுத்துகள் அந்த ஹார்மோனுக்கான பகுதியைத் தொடவில்லை. ஆகவே பசிப் பழுது ரோமத்தில் தெரியாது. குட்டியின் நிறத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மரபணுச் சோதனை செய்யலாம், இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை எடை போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.