கோடை விடுமுறைக்குப் பாத்திரமேற்று ஆடும் நிகழ்பட ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என்பது நிகழ்பட ஆட்டங்களில், அதாவது வீடியோ கேம்களில், ஒரு வகை. இதில் விளையாடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் நின்று, அவருடைய திறன்களைப் படிப்படியாக வளர்த்து, அவருக்காக முடிவெடுத்து, ஒரு நீண்ட கதையைக் கடந்து செல்கிறார். பேச்சு வழக்கில் இதை ஆர்பிஜி என்பார்கள். கிரிக்கெட் ஆட்டத்தையோ கார் பந்தயத்தையோ அரை மணி நேரம் ஆடிவிட்டு வைத்துவிடலாம்; ஒரு மாதம் கழித்தும் எடுத்து ஆடலாம். ஆர்பிஜியில் அது கடினம். இருபது மணி நேரம் ஆடி, பத்து மாய வித்தைகளும் நான்கு தோழர்களும் பாதி வரைபடமும் கையில் இருக்கும் நிலையில் மூன்று வாரம் விட்டுவிட்டால், திரும்பி வரும்போது எந்த ஊருக்கு எதற்காகப் போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்திருக்கும். பலர் அந்த இடத்தில் ஆட்டத்தைக் கைவிடுகிறார்கள். தொடர்ச்சியாக நாட்கள் கிடைக்கும் கோடை விடுமுறை இவ்வகை ஆட்டத்துக்குப் பொருந்துவது இதனால்தான்.

இதன் வேர் கணினியில் இல்லை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து, காகிதம், பென்சில், பகடை கொண்டு ஆடும் ஆட்டம். கதைமாந்தரின் வலிமையை எண்ணால் குறிப்பது, வெற்றி பெற்றால் அனுபவப் புள்ளி தருவது, புள்ளி சேர்ந்ததும் ஒரு நிலை உயர்த்துவது ஆகியவை அதிலிருந்து கணினிக்கு வந்தவை. 1981-இல் வெளிவந்த 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகிய கணினி ஆட்டங்களைக் கண்டு ஈர்க்கப்பட்ட ஜப்பானியர் யூஜி ஹோரி, 1986-இல் 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டத்தை வடிவமைத்தார். வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து, சில பொத்தான்களை மட்டும் கொண்டு ஆடும்படி அதை அவர் எளிமையாக்கினார். ஜப்பானிய ஆர்பிஜி என்று தனியாகப் பேசப்படும் மரபு அங்கிருந்து வலுப்பெற்றது.

முதலில் மணிக்கணக்கு

ஆட்டத்தைத் தேர்வு செய்பவர்கள் பொதுவாகப் படங்களின் அழகைப் பார்க்கிறார்கள், அல்லது நண்பர் சொன்னதைக் கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நேரம். விடுமுறை ஆறு வாரம், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் 84 மணி நேரம். ஊருக்குப் போகும் நாட்களையும் வீட்டு விசேஷங்களையும் கழித்தால் 60 மணி நேரம் தேறலாம். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'பெர்சோனா 5' (2016) மிகவும் புகழப்படும் ஆட்டம். தோக்கியோவில் ஒரு பள்ளி மாணவனின் ஓராண்டை நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக வாழ வைக்கிறது. இன்று படிப்பதா, பகுதிநேர வேலைக்குப் போவதா, நண்பனைப் பார்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் முடிக்க ஏறத்தாழ 100 மணி நேரம் ஆகும். நமது 60 மணி நேரக் கணக்கில் அது அடங்காது. போலந்தின் சிடி புரோஜெக்ட் ரெட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' ஆட்டத்தின் முதன்மைக் கதை மட்டும் சுமார் 50 மணி நேரம். வழியில் வரும் கிளைக்கதைகள்தாம் அதன் சிறப்பு என்பதால், அவற்றை விட்டுவிட்டு ஓடுவது விருந்துக்குப் போய் மோர் மட்டும் குடித்துவிட்டு வருவது போல. மேலும் இது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்துக்கும் அதே வயது வரம்புதான். அது கணினியில் 150 ஜிபி இடத்தையும் கேட்கிறது. அளவுவரம்புள்ள இணைய இணைப்பில் இறக்க நினைப்பவர்கள் முதலில் அந்த எண்ணைப் பார்க்கட்டும்.

முதல் ஆட்டமாக எதை எடுக்கலாம் என்றால், 1995-இல் ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் வெளியிட்ட 'குரோனோ டிரிக்கர்' ஆட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். கணினியிலும் கைப்பேசியிலும் கிடைக்கிறது. 20 முதல் 25 மணி நேரத்தில் முடியும். கதை கி.பி. 1000-ஆம் ஆண்டில் ஒரு திருவிழாவில் தொடங்குகிறது. குரோனோ என்ற இளைஞன் காலப்பயணத்தில் சிக்கி, டைனோசர் காலம் முதல் கி.பி. 2300-இன் பாழடைந்த உலகம் வரை செல்கிறான். திருவிழாவில் ஒரு மேசையில் யாருடைய சாப்பாடோ இருக்கும். எடுத்துத் தின்னலாம், யாரும் தடுப்பதில்லை. தொலைந்த பூனையை ஒரு சிறுமியிடம் சேர்க்கலாம், சேர்க்காமலும் போகலாம். சில மணி நேரம் கழித்து குரோனோவை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். சாப்பாட்டைப் பறிகொடுத்தவரும் பூனையைத் தேடிய சிறுமியும் அங்கே சாட்சிகளாக வரக்கூடும். பாத்திரமேற்பது என்றால் வாளெடுத்துச் சண்டையிடுவது மட்டும் இல்லை, செய்ததற்குப் பதில் சொல்வதும்தான் என்பதை இவ்வளவு சுருக்கமாகப் புரியவைத்த ஆட்டங்கள் குறைவு.

இன்னொரு வசதியும் இதில் உண்டு. இவ்வகைப் பழைய ஆட்டங்கள் பலவற்றில் நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென எதிரிகள் தோன்றி வழிமறிப்பார்கள். பத்தடிக்கு ஒரு சண்டை என்றால் புதியவருக்குச் சலிப்பு வரும். குரோனோ டிரிக்கரில் எதிரிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறார்கள். சிலரை விலகியே போய்விடலாம். முடிவுகளும் பத்துக்கு மேல் உண்டு. ஒருமுறை முடித்தபின், சேர்த்த வலிமையோடு மறுபடி முதலிலிருந்து ஆடி வேறு முடிவுகளைக் காணலாம்.

அதைவிடச் சிறியது வேண்டுமானால் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய 'அண்டர்டேல்' (2015) உள்ளது. ஆறேழு மணி நேரத்தில் ஒருமுறை முடித்துவிடலாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். வழக்கமாக எதிரியைக் கொன்றால்தான் புள்ளி. இதில் யாரையும் கொல்லாமல், பேசியும் சிரிக்கவைத்தும் இறுதிவரை போகலாம். கொன்றால் அதை ஆட்டம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

படிப்புச் சுமையும் மின்தடையும்

இங்கே குறிப்பிட்ட எந்த ஆட்டமும் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், அதுவும் நிறைய. 2019-இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' ஒரு கொலையைத் துப்பறியும் கதை. அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. வயது வந்த, ஆங்கில நாவல் படித்துப் பழகியவர்களுக்கு அது பெரும் விருந்து. மற்றவர்களுக்கு குரோனோ டிரிக்கரின் சிறு சிறு உரையாடல்களே ஏற்றவை. இதில் ஒரு நன்மையும் உண்டு: பொத்தானை அழுத்தும்வரை வரிகள் திரையில் காத்திருக்கும், எனவே அகராதியைப் புரட்ட நேரம் கிடைக்கும்.

ஆட்டத்தை எங்கே சேமிக்கலாம் என்பதையும் தொடங்குமுன் அறிந்துகொள்ள வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 போன்றவற்றில் சண்டைக்கு நடுவிலும் சேமிக்கலாம். பழைய பாணி ஆட்டங்களில் குறிப்பிட்ட இடங்களில்தான் முடியும். 'ஸ்டார்டியூ வேலி' ஆட்டத்தில் பண்ணைக்காரர் இரவு உறங்கப் போகும்போது சேமிக்கப்படும். ஆட்டத்தின் ஒரு நாள் நம் கணக்கில் சுமார் 14 நிமிடம் என்பதால் இழப்பு பெரிதாக இருக்காது. மே மாத மின்தடையை அறிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இலவசம் என்பதன் விலை

கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்பிஜிகளே மாணவர்களிடம் எளிதில் வந்து சேர்கின்றன. 2020-இல் வெளிவந்த 'கென்ஷின் இம்பாக்ட்' அவற்றுள் பெரியது. அழகான, பரந்த உலகம். கதையைக் காசு செலவழிக்காமல் ஆடலாம். ஆனால் புதிய கதைமாந்தர்கள் குலுக்கல் முறையில் கிடைக்கிறார்கள். மிக அரிய ஐந்து விண்மீன் கதைமாந்தர் ஒரு குலுக்கலில் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் ஆறு. 90 குலுக்கலுக்குள் ஒருவர் உறுதி என்றாலும், அவர் நாம் விரும்பியவராகவே இருப்பார் என்று முதல் முறை உறுதியில்லை. குலுக்கலுக்கான கற்களை ஆடிச் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். தினமும் வந்து சிறு வேலைகளை முடித்தால் கற்கள் கிடைக்கும் என்பதால், ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் அது அழைத்துக்கொண்டே இருக்கும். முடிவுள்ள ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுவே. பெற்றோரின் வங்கி அட்டை இணைந்த கைப்பேசி என்றால், வாங்கும்போது ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டு ஆடத் தொடங்குவது நல்லது.

காசு கொடுத்து வாங்குபவர்களுக்குக் கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் ஒரு பயனுள்ள விதி உள்ளது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நம் கணினியில் ஓடுகிறதா, ஆங்கிலம் பிடிபடுகிறதா என்று பார்க்க அந்த நேரம் போதும். அக்கடையின் கோடைத் தள்ளுபடி வழக்கமாக ஜூன் இறுதியில்தான் தொடங்குகிறது. அதற்குள் தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்திருக்கும். மார்ச் மாதத் தள்ளுபடியில் வாங்கி, தேர்வு முடியும்வரை தொடாமல் வைத்திருக்க முடிந்தால் செலவு குறையும்.